திண்டுக்கல் புகையிலையும் நம்ம பிரஷரும்



போன வாரம் ஸ்பென்சர் காம்பவுண்ட் பக்கம் நடந்து போனபோது எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். கீழே நான்கைந்து பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள்: "சார், சர்ச்சில் பிடிச்சது நம்ம ஊர்ச் சுருட்டுத்தானா?" பேத்தி முறையாகும் பிள்ளை ஒருத்தி சிங்கப்பூரிலிருந்து, "தாத்தா, ஆபீஸ்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்று எழுதியிருந்தாள். பதில் போட உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. பதிவு நீளம். சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

சர்ச்சில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். யுத்த காலத்தில் இங்கிருந்து சுருட்டுப் பெட்டிகள் அவருக்குப் போனதாக ஊரில் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அவர் ஆசையாகப் பிடித்தது கியூபா நாட்டுச் சுருட்டு என்பது உலகத்துக்கே தெரியும். இதைவிட உறுதியான பெருமை ஒன்று நமக்கு உண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் வருகிற முதல் நாவல் 1887-ல் வந்தது. அதில் கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். அந்தத் திருச்சிச் சுருட்டுக்கு இலை போனது திண்டுக்கல் சீமையிலிருந்து. சுருட்டியது உறையூர்ப் பக்கம், இலை நம்முடையது, பெயர் மட்டும் திருச்சிக்கு. வழக்கம்போல.

1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தபிறகு இலை மூட்டைகளுக்கு வழி சுலபமாயிற்று. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருக்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். தொழிற்சாலை போய்விட்டது, முகவரி மிச்சம். 1906-ல் பிரான்சிஸ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியரிலும் திண்டுக்கல் புகையிலைக்கு இடம் உண்டு. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948-ல், சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பிறகு அங்கிருந்து மெல்லும் புகையிலையில் பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி என்று ரகங்கள் வந்தன. ரகத்துக்கு அம்மன் பெயர் வைக்கிற ஊர் நம்முடையது. என்ன சொல்ல!

உங்களில் பாதிப் பேர் புகையிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்ற பழைய ரகப் பெயர்கள் உங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். சுருட்டு இலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும், உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் இலையில் குளோரைடு ஏறி நெருப்பு சரியாகப் பிடிக்காது. வாய்ப்புகையிலைக்கு அதே உப்புத் தண்ணீர்தான் ருசி. மற்ற பயிருக்கு உதவாத கிணற்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடிந்தது என்றால் அதற்கு இதுதான் காரணம். புகையிலையைப் பற்றிக் கெட்டது சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் அந்த உப்புக் கிணற்றிலிருந்துதான் வந்தது.

செடி பூ எடுக்கும் சமயம் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளியதும் பக்கத்தில் சிம்பு வெடிக்கும், அதையும் ஒடிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "அப்பத்தான் இலை தடிக்கும், காரம் ஏறும்" என்பார்கள். காரம் என்று அவர்கள் சொன்னதுதான் நிகோட்டின். ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரத்தில் 1828-ல் போசெல்ட், ரெய்மன் என்ற இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1560 வாக்கில் போர்ச்சுகலிலிருந்து பாரிசுக்குப் புகையிலை அனுப்பிய ழான் நிக்கோ என்ற பிரெஞ்சுத் தூதரின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. இந்தச் சரக்கு இலையில் உண்டாவதில்லை, வேரில்தான் உண்டாகிறது என்பது 1940-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ரே டாசன் என்ற அமெரிக்கர் புகையிலைக் கிளையைத் தக்காளி வேரில் ஒட்டுக்கட்டினார். புகையிலை இலை தளதளவென்று வளர்ந்தது, உள்ளே நிகோட்டின் கிட்டத்தட்ட இல்லை. தக்காளிக் கிளையைப் புகையிலை வேரில் ஒட்டினார். தக்காளி இலையில் நிகோட்டின் ஏறிவிட்டது! அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற தக்காளியும் புகையிலையும் ஒரே குடும்பம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தனக்காக வேரில் செய்துகொள்கிற விஷம் அது. கொழுந்தைக் கிள்ளும்போது அந்த விஷத்தைத்தான் இலையில் கூடுதலாக ஏற்றுகிறோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பல வருஷமாக மனதில் கிடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நான்காவது வருஷம் இருக்கும். மார்கழி தை மாதங்களில் கிராமத்துப் பையன்கள் சிலர் தாமதமாக வருவார்கள். முகம் வெளுத்திருக்கும், நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. ஒருவன் முதல் பீரியடிலேயே எழுந்து ஓடி வராந்தா ஓரத்தில் வாந்தி எடுத்தான். கையைப் பார்த்தேன், விரலெல்லாம் கறுப்புப் பிசின். புகையிலை வாடை. பையன் புகையிலை போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று முடிவு கட்டி அன்று முழுக்க வெளியே நிற்க வைத்தேன். "இல்லை சார், சிம்பு ஒடிச்சிட்டு வர்றேன்" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். நான் கேட்கவில்லை.

அவன் சொன்னது நிஜம். அதிகாலைப் பனியில் நனைந்த இலையைத் தொட்டு வேலை செய்தால் ஈரத்தில் கரைந்த நிகோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். தலைசுற்றல், குமட்டல், வாந்தி, வேர்வை, சோர்வு, சிலருக்கு இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறி இறங்கும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நம் நாட்டுப் புகையிலைத் தொழிலாளர்களையே ஆராய்ந்து 1979-ல் எழுதினார்கள். கையுறை போட்டால் குறைகிறது என்றும் பின்னால் காட்டினார்கள். நான் அதைப் படித்தது ரிட்டயர் ஆகும் தறுவாயில். அந்தப் பையன் இந்தப் பதிவைப் பார்க்கிறானா தெரியாது. பார்த்தால் தம்பி, அன்றைக்கு நீ சொன்னது சரி.

வாயில் போடாத பையனுக்கே ஏன் நெஞ்சு படபடத்தது, ஏன் வேர்த்தது? இதைத் தேடிப் போனபோதுதான் எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது. இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் வகுப்பில் தானியங்கு நரம்பு மண்டலம் நடத்தியிருக்கிறேன். பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு என்று கரும்பலகையில் இரண்டு வண்ணச் சாக்பீசில் படம் போடுவேன். அந்தப் பாடமே புகையிலைச் சாற்றில் எழுதப்பட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்றொரு உடலியல் அறிஞர். 1889-ல் அவரும் டிக்கின்சன் என்பவரும் செய்த சோதனை இது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் கண் பாவைக்கும் போகிற நரம்புகள் நேரே போவதில்லை. வழியில் நரம்பு முடிச்சுகள் உண்டு. எது எந்த முடிச்சில் நின்று வண்டி மாறுகிறது, எது நிற்காமல் தாண்டிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. லாங்லி தூரிகையால் நிகோட்டின் கரைசலை ஒரு முடிச்சின் மேல் தடவினார். கொஞ்ச நேரத்தில் அந்த முடிச்சு மரத்துவிட்டது. முடிச்சுக்கு முன்னால் நரம்பைத் தூண்டினால் பலன் இல்லை, முடிச்சுக்குப் பின்னால் தூண்டினால் பலன் உண்டு. அப்படியானால் அந்த நரம்பு அங்கேதான் வண்டி மாறுகிறது. திண்டுக்கல் ஜங்ஷனில் ஒரு பிளாட்பாரத்தை மூடிவிட்டு எந்தெந்த ரயில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது மாதிரி. இப்படி முடிச்சு முடிச்சாகத் தடவித் தடவி முழு வரைபடமும் போட்டார். 1898-ல் அந்த மண்டலத்துக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்ற அர்த்தத்தில் பெயரும் வைத்தார். நான் வகுப்பில் போட்ட இரண்டு வண்ணப் படத்தின் மூலம் அதுதான்.

1905-ல் அவர் இன்னொரு படி போனார். நிகோட்டின் வேலை செய்ய வேண்டுமானால் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும், அதற்கு ஏற்புப்பொருள் என்று பெயர் வைப்போம் என்றார். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். பூட்டு! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர் அல்லவா நாம். நரம்பு முடிச்சில் இருக்கிற பூட்டுக்கு உடம்பு செய்துவைத்த அசல் சாவி அசிட்டைல்கோலின். நிகோட்டின் கள்ளச்சாவி. பூட்டும் திறக்கும், ஆனால் அசல் சாவி மாதிரி உடனே வெளியே வராது. அளவு கூடினால் உள்ளேயே சிக்கிக்கொண்டு பூட்டைப் பயனில்லாமல் ஆக்கிவிடும். லாங்லியின் முடிச்சு முதலில் துடித்துப் பிறகு மரத்தது இதனால்தான். 1914-ல் ஹென்றி டேல் இந்த வகைப் பூட்டுக்கு நிகோட்டின் பெயரையே வைத்துவிட்டார். உடம்பு பூட்டு செய்தது அசல் சாவிக்காக, பெயர் கிடைத்தது கள்ளச்சாவிக்கு.

அதே 1905-ல்தான் ருஷ்யாவில் கொரோட்கோவ் என்ற மருத்துவர், கையில் பட்டையைக் கட்டி ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு இரத்த அழுத்தம் அளக்கும் முறையைச் சொன்னார். பட்டையை 1896-லேயே இத்தாலிக்காரர் ரிவா-ரோச்சி செய்திருந்தார். பூட்டு என்ற எண்ணமும் அளக்கிற கருவியும் ஒரே வருஷத்தில் கிடைத்தது எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, இரத்த அழுத்தத்தை மூளை எப்படிப் பார்த்துக்கொள்கிறது? கழுத்தில் தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கும் பாருங்கள், அந்தத் தமனி கிளை பிரியும் இடத்தில் சுவருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடிச் சுவர் விரிந்தால் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். செய்தி போய்ச் சேருகிற இடம் பின்தலையில் இருக்கும் முகுளம். முகுளம் உடனே பரிவு நரம்பின் கடிவாளத்தை இழுக்கும், இதயம் நிதானப்படும், குழாய்கள் தளரும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது உங்களுக்கு மயக்கம் வராததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். இந்தக் கழுத்துத் தமனி ஆராய்ச்சியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கோர்னெய் ஹேமான்ஸ் 1938-க்கான நோபல் வாங்கினார். இதயத்தின் மேலறைச் சுவரிலிருந்தும் இப்படிச் செய்தி போகிறது என்று ஒற்றை ஒற்றை நரம்பிழையாகப் பிரித்துப் பதிவு செய்தவர் நம் நாட்டுக்காரர் அவ்தார் பெயின்ட்டல், 1950-களில். 1981-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பெயின்ட்டல் பெயரை நம் பாடப்புத்தகத்தில் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஹேமான்ஸ் பெயர் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் நிகோட்டின் நுழைந்தால் மூன்று இடத்தில் கை வைக்கிறது. நரம்பு முடிச்சைத் தட்டுகிறது, அட்ரினல் சுரப்பியைத் தட்டி அட்ரினலினை வெளியே தள்ளுகிறது, கழுத்துத் தமனிப் பக்கம் இருக்கும் உணர்விகளையும் கிளறுகிறது. ஒரு சிகரெட் முடிவதற்குள் நாடி நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பும், அழுத்தம் ஐந்து முதல் பத்துப் புள்ளியும் ஏறும்.

மூளைக்குள் நடப்பதுதான் வேடிக்கை. எலியின் முகுளத்தில், கழுத்திலிருந்து செய்தி வந்து சேருகிற அதே இடத்தில், மிகச் சிறு துளி நிகோட்டினை நேரே செலுத்திப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறவில்லை, இறங்கியது! நியூ ஜெர்சியில் சப்ரு என்பவரின் குழு எந்த வகைப் பூட்டு இதைச் செய்கிறது என்பதை 2000-ல் பிரித்துக் காட்டியது. ஒரே சரக்கு, இரத்தத்தில் போனால் ஏற்றுகிறது, மூளையின் ஒரு புள்ளியில் வைத்தால் இறக்குகிறது. ஆக, புகையிலை போட்டவன் உடம்பில் ஒருபக்கம் ஏற்றும் வேலை, மறுபக்கம் இறக்கும் வேலை, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

மனிதர்களிடமும் பார்த்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பில் முடி போன்ற ஊசியைச் செருகினால் பரிவு நரம்பு பேசுவதைக் கேட்கலாம். சிகரெட் பிடிக்கச் சொன்னபோது அந்த நரம்பின் சத்தம் குறைந்தது. நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் நார்கீவிச் என்பவரும் கூட்டாளிகளும், மருந்து கொடுத்து அழுத்தம் ஏறவிடாமல் பிடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்தார்கள். 1998-ல் வெளியிட்டார்கள். கடிவாளம் இழுக்க மூளைக்குக் காரணம் இல்லாமல் போனதும் நரம்பின் சத்தம் மூன்று மடங்கு ஆயிற்று. அதாவது ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முகுளம் அவ்வளவு பலத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே தெரியும் ஐந்து, பத்துப் புள்ளி அந்தப் பிடி போக மீந்தது. வயதாக ஆகத் தமனிச் சுவர் விறைத்துப்போய்க் கழுத்தின் உணர்வே மங்கும். எழுபதைத் தாண்டிய எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்றும் சொல்லாமல் விடக்கூடாது. 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லிச் சாய்ந்தார். சிகரெட் பிடிப்பவர். அன்றைக்கு அவர் டாக்டர் எடுத்த அளவு 300-க்கு 190. உலகத்திலேயே பலம் வாய்ந்த மனிதருக்குக் கொடுக்க உருப்படியான ஒரு பிரஷர் மாத்திரை அப்போது கிடையாது. மூன்று வருஷம் கழித்து லண்டனில் பேட்டன் என்பவரும் எலினார் ஜைமிஸ் என்ற பெண்மணியும் ஹெக்ஸமெத்தோனியம் என்ற மருந்தைப் பற்றி எழுதினார்கள். அது செய்த வேலை, நரம்பு முடிச்சில் இருக்கும் நிகோட்டின் பூட்டின் துளையை அடைப்பது! கடுமையான இரத்தக் கொதிப்பை உண்மையிலேயே இறக்கிய முதல் மருந்துகளில் அதுவும் ஒன்று. எழுந்து நின்றால் மயக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல் என்று தொல்லைகள் அதிகம், அதனால் சீக்கிரமே வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் வழி காட்டியது அதுதான். லாங்லி புகையிலைச் சத்தைத் தடவிப் பார்க்காமல் இருந்தால் அந்தப் பூட்டே தெரிந்திருக்காது.

இனி நம் வாய்க்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் சிகரெட். நம் ஊரில், குறிப்பாகப் பெண்களிடமும் வயதானவர்களிடமும், புகையிலை என்றால் வெற்றிலையோடு போடுவது. சுண்ணாம்பு சும்மா சேர்வதில்லை. காரத்தன்மை கூடினால்தான் நிகோட்டின் கன்னத்தின் உள்தோலைத் தாண்டி வேகமாக இரத்தத்தில் ஏறும். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் நம் பாட்டிமார் கண்டுபிடித்த வேதியியல் அது. சான் பிரான்சிஸ்கோவில் நீல் பெனோவிட்ஸ் 1988-ல் சிகரெட்டையும் மெல்லும் புகையிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இரத்தத்தில் ஏறிய உச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சிகரெட்டில் சட்டென்று ஏறி இறங்கிவிடுகிறது, மெல்லும்போது ஏறியது இறங்காமல் நீண்ட நேரம் நிற்கிறது, மொத்தத்தில் உடம்புக்குள் போவது கூடுதல். இதயமும் இரத்த அழுத்தமும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லின. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. புகைக்காமல் மெல்ல மட்டும் செய்தவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்றது.

என் அப்பத்தா ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலையின் நடு நரம்பை உருவி எடுக்கும் வேலை பார்த்தவர். மடியில் எப்போதும் சுருக்குப் பை. ஒருநாள் விடிகாலை முற்றம் தெளித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. புகையிலைதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கு ஆயுசில் ஒருநாளும் யாரும் பிரஷர் பார்த்ததில்லை.

எனக்குப் பார்த்தார்கள். வருஷா வருஷம். 126-க்கு 80, 128-க்கு 82. "சார், நீங்க இளைஞர் மாதிரி" என்று சொல்லி அனுப்புவார்கள். உங்களில் பலருக்குத் தெரியாது, சிலருக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருப்பீர்கள்: இடைவேளையில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் போய் நான் வெற்றிலை புகையிலை போடுவேன். முப்பது வருஷப் பழக்கம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003 சட்டம் சொன்னது. வாத்தியார் சட்டைப் பையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டாக்டரிடம் போவதென்றால் மரியாதைக்காக ஒரு மணி நேரம் முன்பே துப்பி, வாய் கொப்பளித்து, பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போவேன். வரிசையில் இன்னொரு ஒரு மணி நேரம். நிகோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆக, என் உடம்பு பகலில் எப்படி இருக்குமோ அப்படி இல்லாத ஒரே சமயத்தில்தான் வருஷம் முழுக்க என்னை அளந்தார்கள். "சிகரெட், பீடி உண்டா சார்?" என்று கேட்பார்கள். "இல்லை" என்பேன். பொய் இல்லையே!

நியூயார்க்கில் 1991-லேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் புகைப்பவர், புகைக்காதவர் இருதரப்பையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அளந்தால் ஒரே அளவு. இடுப்பில் கருவி மாட்டி நாள் முழுக்க அளந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய புகைப்பவர்களுக்குப் பகலில் மேல் அளவு கூடுதல். காத்திருக்கும் அறையில் சிகரெட் கிடையாதே, அதுதான் காரணம்.

மகள் பிரஷர் பார்க்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தபோது, வாத்தியார் புத்தி, ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். போடுவதற்கு முன், போட்டுப் பத்து நிமிஷம், போட்டு ஒரு மணி நேரம். பதினான்கு நாள். முன்னால் 130 சுற்றி இருந்தது. பத்து நிமிஷத்தில் 146, 148, ஒருநாள் 152. ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கிய பாடில்லை, அதற்குள் அடுத்த வெற்றிலைக்கு நேரம் வந்துவிடும். ஒரே ஆளை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் அந்த ஒரே ஆள் நான். நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் சார் இத்தனை வருஷம் சொல்லல?" என்றார். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

விடுவது எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிகோட்டின் தொடர்ந்து போனால் மூளை பூட்டுகளின் எண்ணிக்கையையே கூட்டிக்கொள்கிறது, எலிகளில் 1983-ல் கண்டது, பிறகு மனித மூளையிலும் கண்டார்கள். சாவியை நிறுத்தினால் அத்தனை பூட்டும் திறக்கச் சொல்லிக் கத்தும். பூட்டுகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகும் என்று 2009-ல் ஒரு ஆய்வு சொன்னது. எனக்குப் பத்தாவது வாரத்தில்தான் தூக்கம் வந்தது. அதுவரை வீட்டில் என்னோடு இருந்தவர்கள் பாவம். விட்டதும் பிரஷர் மாயமாகப் போய்விடவும் இல்லை. ஒரு மாத்திரை இன்றும் உண்டு. ஆனால் காலையும் மதியமும் மாலையும் நோட்டில் எழுதும் எண்கள் இப்போது ஒன்றுக்கொன்று அதிகம் விலகுவதில்லை.

இந்த மாதம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த பெண், பட்டையைக் கட்டும்போது, "புகைப்பழக்கம் இருக்கா ஐயா?" என்றுதான் கேட்டாள். மெல்லுகிற புகையிலையையும் கேளம்மா என்றேன். எதிர்வீட்டில் என்னைவிட மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அங்கே போனபோது கேட்டிருக்கிறாள். அக்கா சுருக்குப் பையை எடுத்துக் காட்டி, "இதையா கேக்குற?" என்றாராம். முதலில் 138. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது மறுபடி எடுத்ததில் 160-க்கு மேல். நடுவில் ஒரு வெற்றிலை ஆகியிருந்தது.

பேத்தி கேட்ட கேள்விக்கு இவ்வளவு பெரிய பதில். ஸ்பென்சர் சுருட்டுப் பெட்டியின் பழைய லேபிள், கிட்டங்கி வேலைக்காரர்களின் கூலி அட்டை, ஊசிக்கப்பல் செடியின் படம், இவற்றில் எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். 1990-களில் வேடசந்தூர் பக்கமிருந்து வந்து படித்தவர்கள், சிம்பு ஒடிக்கப் போய்த் தலைசுற்றிய அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் வார்த்தையில், எத்தனை மணிக்கு, பனி இருந்ததா, எவ்வளவு நேரத்தில் சரியாயிற்று என்று. தொகுத்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.